ஏப்ரலிலிருந்து ஓடாத ரிப்போர்ட்

ரிப்போர்ட் போடும் சாஃப்ட்வேரை விற்பது ஒருவர் வேலை, அது நின்றுபோனால் திட்டு வாங்குவது இன்னொருவர் வேலை. நான் இரண்டாவது ரகம்.

தொண்ணூறுகளில் குமணன்சாவடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. பாஸ் ஒருவர், நான் ஒருத்தி, டெலிபோன் ஒன்று. பாஸ் புரோகிராம் எழுதுவார், விற்பார், மாலை போட்டுக்கொள்ளாத குறையாகத் திரும்பி வருவார். பிறகு நான் பஸ் ஏறுவேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கிருந்து போன் வந்தாலும் முதல் வாக்கியம் மட்டும் மாறவே மாறாது: "மேடம், ஹேங் ஆயிடுச்சு." அதைக் கேட்டு ஒருமுறையாவது பஸ் ஏறிய சகோதர சகோதரிகளே, நீங்கள் தனியாக இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குச்சி சுற்றுகிறது

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரிடம் ஒரு ரிப்போர்ட் கேட்டால், அது டேட்டாபேஸ் முழுவதையும் துழாவிவிட்டுத்தான் பதில் சொல்லும். அதுவரை திரை ஆடாது, அசையாது. உள்ளே வேலை நடக்கிறதா, மண்டையைப் போட்டுவிட்டதா என்று வெளியிலிருந்து தெரியாது. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருந்த சூப்பிரண்டென்ட் அம்மாவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. பாதி ஓடும்போதே சுவிட்சை அணைத்துவிட்டு எனக்குப் போன் செய்வார். நான் பாஸிடம் மல்லுக்கட்டி, ரிப்போர்ட் ஓடும் நேரத்தில் திரையின் மூலையில் ஒரு சின்னக் குச்சி சுற்றுகிற மாதிரி செய்ய வைத்தேன். குச்சி சுற்றினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், நின்றால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது ரிப்போர்ட் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகம்தான் ஓடவில்லை. சூப்பிரண்டென்ட் அம்மா உட்பட எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குச்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போய் உங்கள் வேலையைப் பாருங்களேன் என்றேன்.

"நாங்க பாக்கலேன்னா அது நின்னுடுமோன்னு பயமா இருக்கும்மா," என்றார் அந்த அம்மா.

ரப்பர் புஷ்

இந்தக் குச்சியால் எனக்கு வந்த பெரிய சோதனை அம்பத்தூர் எஸ்டேட்டில். லாரிக்குள் எங்கோ ஒரு மூலையில் போய் உட்காருகிற ரப்பர் புஷ் செய்யும் தொழிற்சாலை அது. முதலாளி சுந்தரமூர்த்தி நல்ல மனிதர், கோபம் வந்தாலும் முதலில் டீ சொல்லிவிட்டுத்தான் கத்துவார். அவருடைய புஷ்களில் முக்கால்வாசியை வாங்குவது ஒரே ஒரு பெரிய கம்பெனி. அங்கே புதிதாக வந்த தர அதிகாரி, எந்த லாட் எந்தத் தேதியில் யாருக்குப் போனது, அதில் எவ்வளவு ரிஜெக்ஷன் ஆகித் திரும்பியது என்பதைக் கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டாகத் தன் கண் முன்னால் எடுத்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை வருகிறார். காட்ட முடியாவிட்டால் சப்ளையர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும்.

அந்த ரிப்போர்ட்தான் மார்ச் வரை வெண்ணெயாக ஓடிவிட்டு, ஏப்ரலில் புதுவருஷக் கணக்கு தொடங்கியதிலிருந்து வர மறுத்தது. நான் திங்கட்கிழமை போனேன். முதலாளி டீ சொன்னார், கத்தவில்லை. ஆர்டர் போய்விட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான், இத்தனை பேரை நான் எங்கே அனுப்புவேன் என்று தணிந்த குரலில் கேட்டார். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். டிஸ்பாட்ச் பார்க்கிற ஏழுமலை என்னை கம்ப்யூட்டர் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் சாஃப்ட்வேரை அங்கே தினமும் ஓட்டுகிறவர் அவர்தான். எத்தனை நேரமாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"குச்சி காலைலேர்ந்து நல்லாத்தான் சுத்திகினு கீது மேடம், ரிப்போர்ட்தான் வர்ல."

போனில் வைத்தியம்

செவ்வாய்க்கிழமை பாஸுக்கு வேறொரு யோசனை வந்தது. தினமும் அவ்வளவு தூரம் போய் வருவானேன், போனிலேயே கேட்டுச் சரி செய்துவிடு என்றார். புண்ணியவான், அந்தத் தொழிற்சாலையின் அமைப்பு அவருக்குத் தெரியாது. போன் இருப்பது முதலாளி அறையில். கம்ப்யூட்டர் இருப்பது பின்பக்கம் டிஸ்பாட்ச் ஷெட்டில். நடுவில் பிரெஸ் ஷாப், அதில் மெஷின்கள் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது.

நான் சொன்னதை முதலாளி வாங்கி வாசலில் நிற்பவரிடம் சொன்னார். அவர் பிரெஸ் ஆபரேட்டரிடம் கத்தினார், ஆபரேட்டர் ஏழுமலையிடம் கத்தினார். பதில் அதே வழியில் திரும்பி வந்தது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, மத்தியானம் சாம்பார் சாதம் என்று ஒரு பதில் வந்தது. அடுத்ததாக ஃபைலை மூடிவிட்டு மறுபடி திறக்கச் சொன்னேன்.  கடைசியில் ஏழுமலையே மூச்சு வாங்க ஓடி வந்து போனை எடுத்தார்.

"மேடம், நீங்க சொன்னது பிரெஸ் ஷாப் வரிக்கும் வந்துச்சு, அதுக்கு அப்பால காணோம்."

ஆளுக்கொரு காரணம்

புதன்கிழமை நான் போய் இறங்குவதற்குள் ஊரே அங்கே கூடி ஆராய்ச்சி செய்து முடித்திருந்தது. கம்ப்யூட்டர் விற்றவர் மெமரி பத்தாது என்று சொல்லியிருந்தார். எலக்ட்ரீஷியன் எர்த் சரியில்லை என்று ஒரு குழியைத் தோண்டி உப்பும் கரியும் போட்டிருந்தார். நான் ஹார்டுவேர்மேல் பழி போட்டேன், ஹார்டுவேர்காரர் என்மேல் போட்டார். எங்கள் தொழிலில் இது காலை வணக்கம் சொல்வது போல, யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

முதலாளியின் மச்சான் ஒருவர் வாஸ்து பார்க்கிறவர். கம்ப்யூட்டர் தெற்கு பார்த்து இருக்கிறது, அப்புறம் எப்படி ஓடும் என்று கேட்டாராம். நான் உள்ளே போனபோது மேஜை, ஒயர், பிரிண்டர் எல்லாம் இடம் மாறியிருந்தன. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அதை அடக்கிக்கொண்டு, இடம் மாற்றியதில் ஏதாவது பலன் உண்டா என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"உண்டு மேடம், இப்போ கெயக்கப் பாத்து சுத்துது."

முதல் பார்ட்டி

வியாழக்கிழமை. மறுநாள் காலை அதிகாரி வருகிறார். இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்து, எங்கள் தொழிலின் பழைய வைத்தியத்தை எடுத்தேன். டேட்டாவை நகல் எடுத்து, பாதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சப் பாதியில் ரிப்போர்ட்டை ஓட்டிப் பார்ப்பது. பின்பாதி ஓடி முடிந்தது, முன்பாதி சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியானால் கோளாறு முன்பாதியில். அதை மறுபடி பாதியாக்கினேன். இப்படியே குறைத்துக் குறைத்துக் கொண்டுபோனால், கடைசியில் ஒரே ஒரு என்ட்ரி மிஞ்சியது. ஏப்ரல் ஃபைலின் முதல் என்ட்ரி. பார்ட்டி (சரக்கு வாங்குபவர்) பெயர்: ஸ்ரீ விநாயகர். விலாசம்: கேட் எதிரில். பொருள்: புஷ். எண்ணிக்கை: பூஜ்யம். தேதி இருக்க வேண்டிய இடம் காலி.

எங்கள் ரிப்போர்ட் ஒவ்வொரு பார்ட்டிக்கும் முதல் சரக்கு போன தேதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு நாளாகக் கூட்டிக்கொண்டே இன்றைய தேதி வரை வரும். காலித் தேதியோடு ஒரு நாளைக் கூட்டினால் அந்த டேட்டாபேஸில் அது காலித் தேதியாகவேதான் இருக்கும். ஆக, பிள்ளையாரிடமிருந்து கிளம்பிய ரிப்போர்ட் பிள்ளையாரிடமே நின்றுகொண்டு, இன்றைய தேதிக்கு வந்து சேர முடியாமல் மூன்று மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போன வருஷத்து ஃபைலை நான் தொடங்கிக் கொடுத்தேன், அதனால் தப்பித்தது. இந்த ஏப்ரலில் ஏழுமலை முதல்முறையாகத் தானே தொடங்கினார். தலைக்குக் குளித்து, மானிட்டருக்குப் பொட்டு வைத்து, புது நோட்டுப் போட்டால் முதல் வரியில் என்ன செய்வாரோ அதையே பக்தியோடு கம்ப்யூட்டரிலும் செய்துவிட்டார். எல்லாம் போட்டீர்களே, தேதியை மட்டும் ஏன் விட்டீர்கள் என்றேன்.

"சாமிக்கு இன்னா மேடம் தேதி?"

லோடு ஏற்ற நல்ல நாள்

அழித்துவிடுங்கள், முடிந்தது வேலை என்றேன். ஏழுமலை கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேண்டுமானால் நீங்கள் அழியுங்கள், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன் என்றார். எனக்கு அப்படியொன்றும் பெரிய பக்தி கிடையாது. ஆனாலும் டெலீட் பட்டன் மேல் விரலை வைத்தவளுக்கு அழுத்த மனம் வரவில்லை. முதலாளியைக் கூப்பிட்டோம். நாளைக்கு இவ்வளவு பெரிய சோதனையை வைத்துக்கொண்டு இன்றைக்குப் பிள்ளையாரை அழிப்பதா என்று அவர் பதறினார். பாஸுக்குப் போன் போட்டேன். புரோகிராமில் இப்போது கை வைத்தால் காலையில் வேறு எங்காவது புட்டுக்கொள்ளும், பேசாமல் ஒரு தேதியைப் போட்டுத் தொலை என்றார்.

சரி, ஏப்ரல் ஒன்று என்று அடிக்கப் போனேன். ஏழுமலை என்னைத் தடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். ஒன்றாம் தேதி அஷ்டமி. இரண்டாம் தேதி நவமி. இங்கே ஒரு ஷெட்டின் தலையெழுத்தே தொங்கிக்கொண்டிருக்கிறது, இவர் திதி பார்க்கிறாரே என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கம்ப்யூட்டருக்கு அஷ்டமி நவமி எல்லாம் தெரியாது அண்ணே என்றேன்.

"அஷ்டமி நவமில மன்சனே லோடு ஏத்த மாட்டான், சாமிக்கு ஏத்தறதா?"

நின்றது

மூன்றாம் தேதி போட்டோம். ரிப்போர்ட்டைத் தட்டினேன். குச்சி சுற்ற ஆரம்பித்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். டீ ஆறுவதற்குள் ரிப்போர்ட் முடிந்து, குச்சி அசையாமல் நின்றது. நான் திரையில் கடைசிப் பக்கத்து மொத்தத்தைச் சரிபார்த்து, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். ஏழுமலையின் முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"மேடம், குச்சி நின்னுடுச்சே."

வெள்ளிக்கிழமை

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். சிரிக்காத முகம், சட்டைப் பையில் சிவப்புப் பேனா. டீ வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்றார். ஏழுமலை ரிப்போர்ட்டைத் தட்டினார். பிரிண்டர் கரகரவென்று காகிதத்தைத் தள்ளியது. அதிகாரி முதல் பக்கத்தைக் கிழித்து எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடைசிப் பக்கத்தைப் பார்த்த நான் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முதல் வரியில் ஸ்ரீ விநாயகர் உட்கார்ந்திருந்தார். அனுப்பியது பூஜ்யம், ரிஜெக்ஷன் பூஜ்யம்.

சிவப்புப் பேனா அந்த வரியில் போய் நின்றது. யார் இந்தப் பார்ட்டி என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன். ஏழுமலைதான் முன்னால் வந்து, புதுக்கணக்குக்குச் சாமி பெயர் போட்டதிலிருந்து, தேதி போடாமல் விட்டதால் ரிப்போர்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, நேற்று சாயங்காலம் திதி பார்த்துத் தேதி போட்டது வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவுதான் ஷெட்டுக்கு ஆயுசு என்று நானும் நினைத்தேன்.

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். ரிப்போர்ட்டிலிருந்து சில லாட் நம்பர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ரேக்குக்குப் போனார், பெட்டிகளைத் திறந்து பார்த்தார், சலான்களோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் இம்மி பிசகாமல் இருந்தது. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டு, காப்பியை முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, டீ கொண்டு வரச் சொன்னார். இந்தத் தடவை அதிகாரி வேண்டாம் என்று சொல்லவில்லை. டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார், யாராவது கேட்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க ஸ்டோர்ஸ்லயும் மொத என்ட்ரி இவர்தான்மா, அங்கயும் ஏப்ரல்லேர்ந்து ரிப்போர்ட் வரலை, நீங்க என்ன தேதி போட்டீங்க?"

கம்ப்யூட்டர் நின்றுபோனால் மற்றவர்கள் கடவுளைக் கூப்பிடுவார்கள், நான் மட்டும் இன்றுவரை முதலில் அவருக்குத் தேதி போட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன்.