விளக்கெண்ணெய் குடித்த பியானோவும் ஸ்டெல்லாவின் தியரியும்

இன்னிக்கு காலையில கீபோர்டு கிளாஸ்ல சேரப் போனேன் மக்களே.

மிஸ் என் பின்னாடி எட்டிப் பார்த்து, "பேரன் எங்கங்க அங்கிள்?"ன்னு கேட்டாங்க.

"பேரன் இல்லீங்க. நான்தான் ஸ்டூடன்ட்."

(சீலிங் ஃபேன் ஒரு நிமிஷம் சுத்துறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தது.)

"சரிங்க. நேரா பாட்டு வாசிக்கப் போயிடலாமா, தியரியும் வேணுங்களா?"

"தியரியிலதான் ஆரம்பிக்கணும்"னேன். ஏன்னு அவங்க கேட்கலை. நீங்க கேட்டதாகவே வெச்சுக்கிட்டுச் சொல்றேன்.

எழுபதுகளின் தொடக்கம். பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் மாதா கோயிலில் ஒரு பியானோ இருந்தது. ஊரை விட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தது.

ஸ்டேஷனிலிருந்து அதை மாட்டு வண்டியில் கொண்டு வந்தபோது சேர்வராயன் மலையே இரண்டடி தள்ளி வழிவிட்டதாக ஊரில் பேச்சு. (நான்தான் பேசினேன்.)

கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் சனிக்கிழமைகளில் கற்றுத் தருவார். அரை மணி வாசிப்பு, ஒரு மணி தியரி. படித்தது இரண்டே பேர். இருபத்திரண்டு வயதில் நான். பக்கத்து வூட்டு ஸ்டெல்லா, என்னைவிட ஒரு வயது சின்னவள்.

தியரி வகுப்பென்றால் எனக்கு அன்றைக்கே வயலில் தண்ணீர் பாய்ச்சும் வேலை வந்துவிடும். எங்கள் வயல் மாதிரி நனைந்த வயல் ஆசியாவிலேயே கிடையாது.

என் முறை வேறு. வெள்ளைக் கட்டைகள் மேல் சாக்பீஸால் 1, 2, 3 என்று எழுதிவிடுவேன். பாட்டையும் நம்பராகவே மனப்பாடம் செய்வேன். மூன்று மாதத்தில் ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு.

ஸ்டெல்லாவோ அட்டையில் கட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டு ஏதேதோ எழுதிக்கொண்டே இருப்பாள்.

"ஏம்மா, அட்டை எப்பப் பாடும்?" என்பேன்.

"உங்க நம்பர் அழியற அன்னைக்குப் பாடுங்கண்ணா" என்பாள்.

அப்போதுதான் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வூடு மாரண்டஹள்ளி. அந்தப் பக்கம் பேச்சில் பாதி கன்னடம்.

பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் மாமா கேட்டார்: "உங்க கோயில்ல பியானோ இருக்குதாமே. அது பாடுமா, இல்ல மேயுமா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "என் தம்பி வாசிப்பான். வந்து கேளுங்க"ன்னாள்.

அப்புறம் தனியாக என்னிடம், "தம்பி, புடவை, நகை எதுவும் நான் கேக்கலை. கோயிலுக்குள்ள நான் நடக்கும்போது அந்தப் பாட்டு வரணும். அவங்க முன்னாடி என் வார்த்தை விழக்கூடாதுடா."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வாசித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு கட்டை, 5-ம் நம்பர், கிரீச்சென்றது.

விவசாயி மகனுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? வண்டி அச்சு கிரீச்சென்றால் என்ன செய்வோம்?

விளக்கெண்ணெய். அரைப் படி ஊற்றினேன்.

கிரீச் நின்றது. நானும் மகாமேதை போல வூட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலையில் அந்தக் கட்டையைத் தொட்டால் சத்தமே நின்றிருந்தது. அமுக்கினால் 'தொப்' என்று போய் உள்ளேயே படுத்துக்கொண்டது, கிணற்றில் விழுந்த தேங்காய் மாதிரி. எண்ணெய் வழிந்ததில் என் நம்பர்களும் காலி.

வலது கோடியில் மேல் ஸ்தாயியிலாவது வாசிக்கலாமென்றால், அங்கே எலிகள் முன்பே குடும்பம் நடத்தி முடித்திருந்தன.

பீடத்துக்குப் பூ வைக்க வந்த ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"விளக்கெண்ணெயா?"

"ஆமா."

"வயித்து வலின்னு சொல்லுச்சா உங்ககிட்ட?"

வெளியே மாப்பிள்ளை வூட்டு வேன் வந்து நின்றது.

"அந்தக் கட்டைய மட்டும் விட்டுட்டு வாசிச்சிடறேன் ஸ்டெல்லா."

"அந்தப் பாட்டுல மூணு வார்த்தைக்கு ஒரு தடவ அது வருதுங்கண்ணா. பொக்கை வாயால பாடுன மாதிரி இருக்கும்." கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணினாள். "செத்த கட்டை பேரு ஜி. நீங்க வாசிக்கறது சியில தொடங்கற சி ஸ்கேல். ஏ ஸ்கேலுக்கு மாத்திட்டா ஜி தேவையே இல்ல. பக்கத்துக் கறுப்புக் கட்டைதான் வரும்."

"என் நம்பரெல்லாம்?"

"நம்பர் கட்டையோட பேர் இல்லீங்க. ஒண்ணுல இருந்து எவ்ளோ தூரம்கிறதுதான் நம்பர். ஒண்ண எங்க வேணாலும் வெக்கலாம்."

மூன்று மாதம் நான் கட்டையில் எழுதியதை அவள் ஒரே வரியில் பிடுங்கி எனக்குள் நட்டாள்.

உட்கார்ந்து வாசித்தாள். அதே பாட்டு, கொஞ்சம் இறங்கி வேறு இடத்தில். முன்பெல்லாம் உச்சியில் மூச்சு வாங்கிய கோயில் பாடகர் குழு, அன்றைக்கு அவளோடு பாடிப் பார்த்து ஜம்மென்று ஏறியது.

மணி அடித்தது. நான் மெதுவாக நழுவப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? தம்பி வாசிப்பான்னு அக்கா சொல்லியிருக்காங்க இல்ல?" இடது பக்கம் மூன்று கட்டைகளைக் காட்டினாள். "இது ஒண்ணு, இது நாலு, இது அஞ்சு. நான் பாட்ட வாசிச்சிக்கிட்டே நம்பர் சொல்றேன், அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க."

அக்கா உள்ளே வந்தாள். ஸ்டெல்லா "ஒண்ணு" என்றாள். அமுக்கினேன்.

தரை அதிர்ந்தது. சத்தியமாக அதிர்ந்தது, இதில் மிகையே இல்லை.

பாதி வழியில் அக்கா பியானோ பக்கம் பார்த்தாள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் வார்த்தை விழவில்லை.

மாப்பிள்ளையின் மாமா பந்தியில் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு, "சென்னாகிதே"ன்னு ஒரே சொல் சொன்னார். நன்றாக இருக்கிறதென்று அர்த்தம். கன்னடத்தில் பாராட்டினால் வாபஸ் வாங்க மாட்டார்கள்.

நான் ஸ்டெல்லா பக்கம் கை காட்டினேன். என் வாழ்நாளில் அடுத்தவருக்குப் பெருமையை விட்டுக்கொடுத்தது அந்த ஒரு முறைதான். பதிந்து வையுங்கள்.

இன்னிக்கு அட்மிஷன் ஃபார்ம்ல 'முன் அனுபவம்'னு ஒரு கட்டம் இருந்தது.

எழுதினேன்: "தியரி இல்லாமல் விளக்கெண்ணெய் ஊற்றி ஒரு கட்டையைக் கொன்றிருக்கிறேன். தியரியோடு மூன்று கட்டைகள் வாசித்திருக்கிறேன்."

மிஸ் படிச்சுட்டு முதல் வேலையா பீரோவைத் திறந்து, சாமி விளக்குக்கு வெச்சிருந்த எண்ணெய் பாட்டிலை உள்ளே வெச்சுப் பூட்டினாங்க.