அரைக் கட்டை

சின்ன மருமகள் மாமியாருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து மாமியாரின் வலது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து அது அவள் வேலையாகியிருந்தது. மாமியார் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, மறுநாள் கோயில் ஆராதனையில் தனக்குப் பதிலாக ஆர்கன் வாசிக்கப்போகிற அவளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

“மெதுவாடி. நீ துவட்டுறது தலையை, தரையை இல்ல.”

“நீங்க அசையாம இருங்க அத்தை.”

“முதல் பாட்டை இழுக்காத. காணிக்கைத் தட்டு திரும்பி வர்ற வரைக்கும் சுத்திச் சுத்தி வாசி. இடது பெடல் கிரீச்சுங்கும், பயந்துடாத. கடைசியா அடைக்கலப் பாட்டு. அதுல மூணாவது அடிக்கு முன்னாடி மூச்சு விட இடம் குடு.”

“சரி அத்தை.”

“யாராவது திரும்பி உன்னைப் பாத்தா பாக்கட்டும். நீ புத்தகத்தைப் பாரு.”

எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர. அது கைக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. வாயில் சொல்லவேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோயிலில் எல்லோருக்கும் மாமியார்தான் ஆர்கனம்மா. அவளுடைய அப்பா அங்கே மணியடித்து, பெருக்கி, பெஞ்சு துடைத்தவர். அவர் பெருக்கி முடிக்கும்வரை சும்மா இருக்க மாட்டாத பெண்ணை அப்போதைய பாதிரியாரின் மனைவி ஆர்கன் முன்னால் உட்காரவைத்தார். கால் பெடலுக்கு எட்டியது, அதுவே தகுதி. கல்யாணத்தன்றுகூடத் தன் ஊர்வலத்துக்குத் தானே வாசித்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிப்போய் மாப்பிள்ளை பக்கத்தில் நின்றாள்.

மாப்பிள்ளை பெயிண்டர். ஞாயிற்றுக்கிழமை போர்வையை விட்டு வரமாட்டார். “நீ வாசிக்கிறது வீடு வரைக்கும் கேக்குது. அங்க வந்துதான் கொட்டாவி விடணுமா?” என்பார். ஆனால் சாரத்தில் ஏறி நின்றால் அவர் சீழ்க்கையில் வருவது அடைக்கலப் பாட்டுதான். அவர் எந்தத் தெருவில் வேலை செய்கிறார் என்பதை அவள் அதைக் கேட்டே கண்டுபிடிப்பாள்.

ஒருநாள் தண்ணீர்த்தொட்டிக்கு வர்ணம் அடிக்கும்போது மேலேயிருந்து விழுந்து இறந்தார். கால் தவறியது என்றார்கள் சிலர். குடித்திருந்தார் என்றார்கள் சிலர். குதித்துவிட்டார் என்று சொன்னவர் ஒருவர்தான். அவர் பாடகர் குழுத் தலைவர்.

தெருமுனை மருந்துக்கடை அவருடையது. வெண்கலக் குரல் என்பதால் ‘வெண்கலம்’ என்றே பெயராகிவிட்டது. அடைக்கலப் பாட்டின் மூன்றாம் அடியில் ஒரு உச்சம் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு அதை அவர் தனியாக நின்று பாடுவார். ஜன்னல் கண்ணாடி அதிரும்; மூக்குச்சளியோடு அழுகிற குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும்.

அடக்கத்தன்று அவள் ஆர்கனில் அந்தப் பாட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெண்கலம் புதிதாக வந்திருந்த பாதிரியாரிடம், எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார்: “தானாப் போனவனுக்கு நாங்க பாடுறதில்ல ஐயா. வாசிக்கவும் வேண்டாம்.” பாதிரியார் தரையைப் பார்த்தார். குழு எழுந்து வெளியே போனது. பெட்டி போகும்போது செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்று பிள்ளைகளில் கடைசி அவள் இடுப்பில் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் ஆர்கனில் உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஆறவில்லை.

“உனக்கு எப்படித்தான் அங்க போய் உக்கார மனசு வருது?”

“உக்காந்தாத்தானே கை எட்டும்” என்றாள்.

வாரத்தில் ஆறு நாள் தையல் மெஷின், ஏழாம் நாள் ஆர்கன். அவள் வாழ்க்கையை ஓட்டியது கைகளைவிடக் கால்கள்தான். குழுவுக்கு வெள்ளை அங்கி தைத்ததும் அவள். வெண்கலத்தின் கழுத்துப்பட்டியை ஒரு விரல் இறுக்கித் தைக்கலாமா என்று யோசித்து, சீ, இதென்ன சில்லறை வேலை என்று விட்டுவிட்டாள்.

ஒரு பாட்டைப் புத்தகத்தில் இருக்கும் சுருதியிலேயேதான் வாசிக்க வேண்டும் என்பதில்லை. தேர்ந்த கை அதையே சற்று ஏற்றியோ இறக்கியோ வாசிக்கும். ஏற்றினால், பாடுகிறவரின் தொண்டை அவ்வளவு கூடுதலாக எட்ட வேண்டும். அவள் ஏற்றினாள். முதலில் அரைக் கட்டை. வெண்கலம் எட்டிப்பிடித்தார், முகம் மட்டும் சிவந்தது. ஒரு வருடம் விட்டு இன்னொரு அரைக் கட்டை. கழுத்து நரம்பு புடைத்தது. அவசரமே படவில்லை. அடை காக்கிற கோழியைப் போல அந்தக் கோபத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முறை ஏற்றியபோது, கோயில் நிறைந்த ஒரு காலையில், வெண்கலத்தின் குரல் உச்சத்தில் பிளந்து சேவல் கத்துவதுபோல வெளியே வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

“தொண்டையைப் பாத்துக்குங்க அண்ணா” என்றாள், புத்தகத்தை மூடிக்கொண்டே.

பார்த்துக்கொண்டார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். தன் கடை மருந்தை எல்லாம் தானே குடித்தார். குளிர்ந்த தண்ணீரை விட்டார், பேச்சைக் குறைத்தார். அடுத்தடுத்த மாதங்களிலும் சேவல்தான் வந்தது. தனிப்பாட்டை விட்டார். பிறகு அங்கியையும் மடித்துக் கொடுத்துவிட்டுப் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் அவள் அந்தப் பாட்டை மட்டும் கீழே இறக்கவில்லை. பெஞ்சில் இருந்தபடி முணுமுணுத்தால்கூட அவருக்கு அது கிட்டக் கூடாது. வருடக்கணக்கில் மொத்தச் சபையும் அவளுக்காகத் தொண்டை கிழியப் பாடியது. வெளியூரிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர், இப்படி ஊக்கத்தோடு பாடுகிற சபையைத் தான் கண்டதில்லை என்று பிரசங்கத்திலேயே பாராட்டினார்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவள் வீட்டில் கல்யாணம் பேச வருகிறவர்களிடம் பெண் சமைப்பாளா என்று கேட்பதில்லை. “ஒரு வரி பாடச் சொல்லுங்க” என்பாள். பெரிய மருமகளுக்குச் சுருதி அண்டாது. அவளைப் பக்கம் திருப்ப வைத்தாள். சின்ன மருமகள் புத்தகத்தைப் பார்த்து ஒரு புள்ளி பிசகாமல் வாசிப்பாள். புத்தகத்தை மூடினால் கை நின்றுவிடும். பேரப்பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் குரல் வரிசைப்படிதான் உட்கார வேண்டும். வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவள் மனதில் இருந்ததை அறிந்தவரும் அங்கே யாருமில்லை.

கை முறிந்த பின் வந்த அந்த ஞாயிறு, வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனை கேட்டாள். மருமகள் நன்றாகவே வாசித்தாள். அடைக்கலப் பாட்டின் முதல் ஸ்வரம் விழுந்ததும்தான் ஆர்கனம்மாவுக்குச் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது. மருமகள் ஏற்றாமல், புத்தகத்தில் உள்ள சுருதியிலேயே வாசிக்கிறாள். எழுந்து போய் நிறுத்தவா முடியும்? முதல் அடி போனது, இரண்டாம் அடி போனது. மூன்றாம் அடியில், பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் தயங்கி ஏறி, உச்சத்தைத் தொட்டு, அங்கேயே நின்றது. கிழட்டுக் குரல்தான்; ஓரத்தில் நடுக்கம். ஆனாலும் வெண்கலம். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. முறியாமல் மிஞ்சியது இடது கையாகப் போயிற்றே, வலதாக இருந்தால் தானே வாசித்திருக்கலாமே என்று மட்டும் நினைத்தாள்.

சாயங்காலம் வெண்கலம் அவள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

“வாங்க அண்ணா. உக்காருங்க” என்றாள்.

அவர் உட்காராமல் சின்ன மருமகளிடம் திரும்பினார். “இன்னிக்கு அந்தப் பாட்டுல என்னம்மா பண்ணின?”

“ஒண்ணும் பண்ணலையே மாமா. புத்தகத்துல இருக்கிறபடி வாசிச்சேன்.” சொல்லிவிட்டு மாமியாரின் முகத்தைப் பார்த்தவள், கொண்டுவந்த தண்ணீர்த் தம்ளரைக் கொடுக்க மறந்து நின்றாள்.

“புத்தகத்துல இருக்கிறபடி” என்றார் அவர். மெல்ல உட்கார்ந்தார். “தங்கச்சி, எனக்கு அந்த இடம் வந்துச்சு. இத்தனை வருஷமா வராதது. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஏதோ பாவத்துக்கு ஆண்டவர் தொண்டையைப் பிடுங்கிட்டார்னு நினைச்சேன்.”

அவள் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

“என்ன பாவம்னு தெரிஞ்சுதா அண்ணா?”

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவள் காத்திருந்தாள். அந்த நேரத்தில் அவர் ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், அல்லது அந்தத் தண்ணீர்த்தொட்டி என்று வாய் திறந்திருந்தால், அவள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். நாக்கின் நுனிவரை வந்திருந்தது.

“கடையில நாள் கடந்த இருமல் மருந்தை ஒருதடவை வித்திருக்கேன்” என்றார். “அப்புறம் அப்பாகிட்ட கடைசிக் காலத்துல கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். வேற பெரிசா யாருக்கும் நான் ஒரு கெடுதலும் நினைச்சதில்லையே தங்கச்சி.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மாவுக்கட்டுக் கையை மறு கையால் தாங்கிக்கொண்டு அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். சின்ன மருமகள் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“சொல்லு தங்கச்சி.” அவர் முன்னால் குனிந்தார், கண்கள் கலங்கியிருந்தன. “இத்தனை வருஷமும் வாசிச்சது நீ, உனக்குத்தான் தெரியும். என் தொண்டை நல்லாத்தான் இருந்துச்சா? ஒரு வார்த்தை சொல்லு, போதும். என் குரல் போகவே இல்லையா?”

அவள் அறையைக் கடந்து, உள்கதவைத் தோளால் தள்ளி, போய்விட்டாள்.