நாலாம் அறைச் சுவரில் ஒரு காணி

ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்பவனுக்கு வயிறு எரிந்தாலும் வாய் சிரித்தபடி இருக்க வேண்டும். அங்கே நின்று கால் கடுத்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். புளியந்தீவில் முந்திக் காணிக் கந்தோராக, அதாவது நிலப்பதிவு அலுவலகமாக, இருந்த பழைய கட்டடம்தான் எங்கள் ஹோட்டல். கந்தோர் வேறிடம் போனது. எட்டு அறைகளோடு நாங்கள் வந்தோம். யார் வந்தாலும் "உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும் என்பது மனேஜரின் கட்டளை.

வாசலில் செருப்பு

ஒரு காலை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் உறையோடு ஒரு அம்மா உள்ளே வந்து சுவரோரம் நின்றார். பெயர் பூமணி, கதிரவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். தகப்பனின் காணிப் பெர்மிட் சுனாமியோடு போய்விட்டது. அது இல்லாமல் வீட்டுத்திட்டத்தில் பெயர் சேர்க்க மாட்டார்கள், பிரதி வேண்டும் என்றார். இது இப்போது ஹோட்டல் என்றேன். அது காதில் ஏறாமல், சோபாவில் சாய்ந்திருந்த வெள்ளைக்காரர்களை இரக்கத்தோடு பார்த்து, மகனிடம் கேட்பதுபோல் என்னிடம் கேட்டார்.

"அப்ப இவங்கட காணிக்கும் பிரச்சினையா மனே?"

கனடாக்காரரின் ஒரே திருப்தி

கந்தோர் விட்டுப்போன கிழிந்த பதிவேடுகள் பின்னறையில் குவிந்து கிடந்தன. அறைகளை அலங்கரிக்கக் கொழும்பிலிருந்து வந்த பெண், நல்ல பக்கங்களை உருவி, அறைக்கு ஒன்றாகக் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னார். ஃபிரேமுக்குள் அடங்காத ஓரங்களைப் பிளேடால் சீவியது நான்தான். வேலை சுத்தம் என்று பாராட்டும் கிடைத்தது.

நாலாம் அறையில் தங்கிய கனடாக்காரர், நம்மூர்த் தமிழர்தான், ஏசி சத்தம், வெந்நீர் இல்லை, பல்லி இருக்கிறது என்று மூன்று நாளும் என் உயிரை வாங்கினார். போகும்போது கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டினார்.

"அது ஒண்டுதான் இந்த ஹோட்டல்ல உருப்படி. விப்பீங்களா?"

பெருவிரல்

பூமணியம்மா மறுபடி வந்தார். தகப்பனின் காணி பதிந்த பதிவேடு இந்தக் கட்டடத்திலேயே தங்கிவிட்டது என்று புதுக் கந்தோரில் சொல்லிவிட்டார்களாம். தகப்பன் பெயரைக் கேட்டேன். சொன்னார். ஆள் குறைவென்று அறைகளில் கொசுவுக்கு நுளம்பு வலை கட்டுவதும் நான்தான். நாலாம் அறையில் கட்டும்போதெல்லாம் ஃபிரேமில் வாசிக்கிற பெயர் அது.

மனேஜர் இல்லாத நேரம் பார்த்து நாலாம் அறைக்குக் கூட்டிப்போனேன். கட்டிலில் படாமல் எட்டி நின்று பார்த்தார். கையெழுத்து இடத்தில் மை பூசிய பெருவிரல் அடையாளம், நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு.

"மீன் வலை வெட்டக்குள்ள கத்தி பட்ட தழும்பு. அப்பாட விரல்தான் மனே இது."

ஓரம்

மனேஜரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஃபிரேமோடு நானும் பூமணியம்மாவுடன் புதுக் கந்தோருக்குப் போனேன். உத்தியோகத்தர் நல்ல மனிதர், நிதானமாகப் பார்த்தார். பெயர் இருந்தது, ஊர் இருந்தது, விரல் இருந்தது. காணியின் இலக்கத்தை எழுதுவது இடது ஓரத்தில். அந்த ஓரம் இல்லை. இலக்கம் இல்லாமல் பிரதி தர வழியில்லை என்று கையை விரித்தார்.

சீவிக் குப்பையில் போட்டது நான்தான் என்று பூமணியம்மாவிடம் அங்கேயே சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் ஃபிரேம் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து என் கையில் தந்தார்.

"கொண்டுபோய் அங்கேயே மாட்டு மனே. அப்பாக்கு அங்கயாவது ஒரு இடம் இரிக்கட்டும்."

வருகிற எல்லாரிடமும் உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துச் சொல்லும் நான், நாலாம் அறைச் சாவியை மட்டும் வாய் திறக்காமல் நீட்டுகிறேன்.