மஞ்சள் கரு யாருக்கு

அரியலூரிலிருந்து ஆண்டிமடத்துக்கு நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம். டிப்போவில் நடந்த மருத்துவ முகாமில் எனக்குக் கொலஸ்ட்ரால் ஏறிக் கிடக்கிறது என்று சொன்னார்கள். "எண்ணெயைக் குறைங்க, கொழுப்பைத் தொடாதீங்க, தினமும் நடங்க. இல்லன்னா ஒருநாள் கை கால் இழுத்துக்கும்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்து செத்தவர்.

மறுநாளே எங்கள் அடுப்படி ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. காலையில் ஊறவைத்த வெந்தயம், மதியம் கீரை, ராத்திரி கொள்ளு ரசம். தாளிக்கிற எண்ணெயைக்கூடக் கரண்டியில் அளந்து ஊற்றினாள்.

"என்னாடி இது, பத்தியச் சோறா போடுற? நான் என்ன புள்ள பெத்தவனா?" என்று கத்துவேன்.

"கத்துங்க. கத்துற வாய் கோணாம இருக்கணும்ல" என்பாள். வாயில் அவளை ஜெயிக்க முடியாது.

விடிந்தும் விடியாமலும் ஏரிக்கரையில் நடக்கச் சொல்லித் துரத்திவிடுவாள். "நீயும் வாயேன்" என்றால், "ரெண்டு பேரும் நடந்துக்கிட்டிருந்தா உலை யாரு வைக்கிறதாம்?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்போம். என் தட்டில் வெறும் சதை மட்டும் விழும். கொழுப்பைப் பிரித்துத் தன் சோற்றில் போட்டுக்கொள்வாள். முட்டை அவித்தால் வெள்ளை எனக்கு, மஞ்சள் கரு அவளுக்கு. அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் அவள் தனக்கென்று வதக்கும் காய்க்குத்தான் போகும்.

"காசு குடுத்து வாங்கினதக் குப்பையிலயா கொட்டுவாங்க? நாளெல்லாம் மாடா உழைக்கிறேன், எனக்கெல்லாம் கரைஞ்சுடும்ங்க" என்பாள். எங்கள் ரெண்டு பேருக்குமே அது வித்தியாசமாகப் படவில்லை. மீந்ததைப் பொம்பளை தின்பது எந்த வீட்டில்தான் இல்லை?

மறுபடி ரத்தம் பார்த்தபோது எனக்குக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் கொடுத்த காகிதத்தை அவள் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகளிடம் எல்லாம் பீற்றிக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை, நான் ஏரிக்கரையிலிருந்து திரும்பியபோது உலை கொதித்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

திருச்சிக்குக் கொண்டு போனோம்.

"பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கு. முன்னாடி எப்பவாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

"இல்லைங்க."

"கொலஸ்ட்ரால்?"

"அது எனக்குங்க" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளியே வந்து வராண்டாவில் நின்று வாய்விட்டு அழுதேன். அவள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. பாவி மக, என் தட்டில் இருந்த எமனை எல்லாம் பொறுக்கி எடுத்து உன் தட்டிலேயே போட்டுக்கொண்டாயே!

உயிர் தங்கியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. அந்த வாய்ப்பேச்சு இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. சமையல் என் கைக்கு வந்தது. உப்பும் எண்ணெயும் குறைத்து, அவள் எனக்குச் செய்ததையே அவளுக்குச் செய்தேன். "பத்தியச் சோறுடி. கத்து பாப்போம்" என்பேன். சும்மா பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

ஒருநாள் முட்டை அவித்து, வெள்ளையை மட்டும் பிசைந்து அவளுக்கு ஊட்டினேன். மஞ்சள் கரு தட்டில் தனியாகக் கிடந்தது. எறிய மனசு வரவில்லை. இத்தனை வருஷம் அவளோடு குடும்பம் நடத்திய பழக்கம். எடுத்து என் வாய்க்குக் கொண்டு போனேன்.

அவளுடைய இடது கை எழும்பி வந்து என் கையைத் தட்டிவிட்டது. மஞ்சள் கரு தரையில் விழுந்து உதிர்ந்தது. கோணின வாயால் என்னவோ சொல்லப் பார்த்தாள். வெறும் சத்தம்தான் வந்தது. என்ன திட்டு என்று எனக்குத் தெரியும்.

"சரி சரி, திங்கல. திங்கலடி" என்றேன்.

எனக்குத் தெரிந்து அவள் வீணாக்கிய சாப்பாடு அது ஒன்றுதான்.