நான் கழட்டச் சொன்ன செருப்பு

அண்ணாமலையாரை நம்பி நடக்கும் அன்பர்களுக்கு வணக்கம். பெருமைப்பட்டு எழுதுகிற அனுபவம் இல்லை இது. என் வாயால் ஒரு அம்மாவின் கால் போக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

2003-ல் திருவண்ணாமலையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் கீழ்பென்னாத்தூர். எங்களுக்குச் சுயதொழில் பயிற்சி என்றால் புத்தகம் கிடையாது. பௌர்ணமியன்று குழு குழுவாகக் கடை போட்டு நடத்திக் காட்ட வேண்டும். எந்தக் கடைக்கு அதிகம் பேர் வருகிறார்களோ அந்தக் குழுவுக்குப் பாராட்டு. மற்றவர்கள் மோர், சுண்டல் என்று போனார்கள். நாங்கள் மூன்று பெண்கள் செருப்பைப் பாதுகாக்கிற கடை போட்டோம். வெறுங்காலில் கிரிவலம் போகிறவர்கள் எங்களிடம் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். யோசனை என்னுடையது. கூவிக் கூப்பிடுகிற வேலையும் என்னுடையது. எனக்கு வாய் ஜாஸ்தி.

சித்திரைப் பௌர்ணமி. காலை பத்து மணிக்கே தார் ரோடு கொதித்தது. ஆரணிப் பக்கத்திலிருந்து பூங்காவனம் என்ற அம்மா தனியாக வந்தார். ஐம்பது வயசு இருக்கும். காலில் தடித்த கருப்பு ரப்பர் செருப்பு.

"கழட்டி வுட்டுட்டுப் போங்க பெரியம்மா," என்றேன்.

"சக்கரை வியாதிம்மா. கால்ல சூடே தெரியாது. கழட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

அப்போதாவது விட்டிருக்கலாம். பக்கத்து மோர்க்கடையில் கூட்டம் நெரிந்தது, செருப்பு அடுக்கும் எங்கள் பலகை பாதி காலி.

"செருப்போட சுத்துனா பலன் இல்லீங்களே. அண்ணாமலையார் பாத்துப்பாரு, போங்க."

சாமியே வந்து என்னிடம் சொன்ன மாதிரி சொன்னேன். அந்த அம்மா ஒரு தடவை மலையைப் பார்த்தார். குனிந்து கழட்டினார். நாற்பத்தோராம் டோக்கனைக் கொடுத்தேன்.

சாயங்காலம் அந்த ஒரு ஜோடி மட்டும் பலகையில் மிச்சம் இருந்தது. எங்கள் பயிற்சி மேடம் எங்கள் குழுவைத்தான் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஆட்டோ ஸ்டாண்டில் போய் விசாரித்தேன்.

"கிரிவலப் பாதையில நிருதி லிங்கத்தாண்ட ஒரு அம்மா கால் வெந்து உக்காந்துட்டாங்க. நாந்தான் ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்தேன்," என்றார் ஒரு டிரைவர்.

மறுநாள் போனேன். இரண்டு பாதத்திலும் கட்டு. வாசலோடு திரும்பிவிட்டேன். மூன்று நாள் இப்படியே வாசல் வரை போவதும் வருவதுமாக இருந்தேன். நாலாம் நாள் வலது காலில் சீழ் வைத்துவிட்டது. வீக்கம் இறங்கவில்லை என்றால் காலை எடுக்க வேண்டி வரும் என்று நர்சம்மா சொன்னார்கள். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். சன்னதியில் நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. "உன் பேரைச் சொல்லித்தானே கெடுத்தேன். அவங்க காலை வுட்டுடுப்பா. நான் பண்ணதை என் வாயாலயே சொல்லிடறேன்," என்று அழுதேன். தினமும் பிராகாரம் சுற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவேன். சோறு இறங்கவில்லை. வேண்டிக்கொண்ட ஐந்தாம் நாள் வீக்கம் வற்றியது. சுண்டு விரல் ஒன்று போனது, கால் தப்பியது. டாக்டரே எதிர்பார்க்கவில்லையாம்.

அண்ணாமலையார் தன் பங்கைச் செய்துவிட்டார். இனி என் பங்கு. செருப்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். கூட்டம் சேர்க்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று எதையும் மறைக்காமல் சொன்னேன். பூங்காவனம் அம்மா என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து டோக்கனை எடுத்து நீட்டினார்.

"இந்தா. என் செருப்பைக் குடு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கல்லூரியில் எல்லோர் முன்னாலும் சொல்லி, வாங்கிய பாராட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது வேங்கிக்காலில், சர்க்கரை நோயாளிகளுக்கு மெத்தென்ற செருப்பு தைத்துக் கொடுக்கிறேன். வருஷா வருஷம் சித்திரைப் பௌர்ணமிக்கு அந்த அம்மா வருகிறார். நான் தைத்த செருப்போடுதான் மலையைச் சுற்றுகிறார். பக்கத்தில் நானும் நடக்கிறேன்.

உங்களுக்குக் கஷ்டம் வந்தால், செய்த தப்பை ஒளிக்காமல் அவரிடம் போய் நில்லுங்கள். அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார். அந்த வார்த்தையை உங்கள் கஷ்டத்துக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். என்னை மாதிரி, அடுத்தவர் காலைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.