கியர் போட்டால் நிற்கும் வண்டி

வாங்கிய மூன்றாம் மாதத்திலேயே அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் என் உயிரை வாங்க ஆரம்பித்துவிட்டது. ஓடினால் குளச்சல் ஊரே திரும்பிப் பார்க்கும். நடுவழியில் நின்றாலும் பார்க்கும், சிரிப்போடு. பிளக்கை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், டேங்கைக் கழுவினேன். மெக்கானிக் ஒவ்வொரு முறையும் "இனி நிக்காது மக்கா" என்பார். நானும் வெட்கமில்லாமல் நம்புவேன்.

தங்கை நர்சிங் முடித்திருந்தாள். வளைகுடாவில் வேலை கிடைக்க அவள் எழுத வேண்டிய தேர்வு அன்று காலை நாகர்கோவிலில். எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பஸ்ஸில்தான் போவதாக இருந்தோம். வரவேண்டிய பஸ் வரவில்லை. ஒரு வாரமாக வண்டியும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததால் அதை எடுத்தேன். அப்பா அன்று கடலுக்குப் போகவில்லை. அவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்ற மாதா கோயிலுக்குப் போயிருந்தார்.

திங்கள்சந்தையைத் தாண்டியதும் நின்றது.

நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகிறது. கியர் போட்டதும் அணைந்துவிடுகிறது. மறுபடியும் அதேதான். தங்கை ஹால் டிக்கெட் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். கைகாட்டிய ஆட்டோவெல்லாம் ஆளோடு போயின. ஒரு பஸ் நிற்காமலே போனது. வண்டியை ஓங்கி ஓர் உதை விட்டேன். கால் வலித்தபோதுதான் மண்டையில் உறைத்தது. ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் இன்ஜினை நிறுத்துவதற்கு சைடு ஸ்டாண்டில் சின்னதாக ஒரு சுவிட்ச் உண்டு. ஸ்டாண்டு மேலேதான் இருக்கிறது. சுவிட்சுக்கு அது தெரியவில்லை.

ரோட்டோரம் படுத்துப் பார்த்தேன். சுவிட்ச் முழுக்க மண்ணும் பிசுக்குமாக இறுகிக் கிடந்தது. கர்ச்சீப்பால் சுரண்டி மோந்தேன். மீனெண்ணெய். உப்புக்காற்று அரிக்காமல் இருக்க மீன்பிடிக்கப் போகும் மரவள்ளத்துக்குப் பூசுவார்களே, அதுதான். எங்கள் வீட்டில் எந்நேரமும் அந்த வாடை என்பதால் வண்டியில் அடித்தது எனக்குத் தெரியவேயில்லை. நான் தூங்கும்போது வள்ளத்துக்குச் செய்வதை அப்பா என் வண்டிக்கும் செய்திருக்கிறார்.

"அப்பாக்க வேலதான் இது. இன்னைக்கு வீட்டுக்கு வந்து பேசிக்கிடுதேன்" என்றேன்.

பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்து சுவிட்சை இளக்கினேன். வண்டி கிளம்பியது. வில்லுக்குறியில் வளைவு என்றும் பாராமல் ஒரு லாரியை முந்தினேன்.

கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனிடம் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். தங்கைதான் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். எதிரே டீக்கடை பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணே, நான் எழுதிட்டேன்னு சொல்லிருவோம்" என்றாள்.

"எதுக்கு? வண்டி நின்னுபோச்சுன்னு சொன்னா போதாதா?"

"நின்னுச்சுன்னா எதுனாலன்னு அப்பா கேப்பாவ. நீ கோவத்துல சொல்லிருவ. பொறவு அப்பாக்கு அது காலத்துக்கும் ஆறாது."

என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் அப்படியே சொன்னோம்.

முடிவு வருகிற நாளில் அப்பா வலையைக் கரையில் போட்டுவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒரு பரீட்சையிலும் தோற்காதவள், பாஸாகவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவர் அவள் தலையில் கைவைத்து, அவளுக்கு வலிக்கக்கூடாதே என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம்லா மக்கா."

"ஆமாப்பா, படிச்சிருக்கலாம்" என்றாள்.