உப்பளத்து ஜீப்

செம்பூருக்குப் போகும் வழியில் என் வலது கால் ஜீப்பின் தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. வண்டி ஒரு பள்ளத்தில் குதித்தது. நான் விழாமலிருக்கக் காலை அழுத்தி ஊன்றினேன். தகடு நமுத்துப்போன அப்பளம்போல விட்டுக்கொடுத்தது. முழங்கால்வரை உள்ளே போய்விட்டது, கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் என் கணவர் பிரேக்கை மிதித்தார். கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. தன் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டு, ஓட்டையைக் குனிந்து பார்த்தார்.

"ஒரு பலகையப் போட்டு, அடியில இன்னொரு தடவ தார அடிச்சிருவோம். சரியாப் போவும்" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அறுபதுகளின் நடுவில் அது. பம்பாயில், மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அவர் எதிலும் நிலைத்து நின்றவரில்லை. மில் வேலையை விட்டார். பெரியப்பா மகனோடு தாராவியில் வைத்த மளிகைக் கடையை விட்டார். அதற்குப் பிறகு இந்த ஜீப். பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டி, விக்ரோலி உப்பளத்தில் சில வருஷம் மூட்டை சுமந்துவிட்டு இவர் கைக்கு வந்தது. காட் மலையில் ரோடு போடுகிறவர்களின் முகாமுக்கு அரிசி, பருப்பு கொண்டுபோகும் வேலையைப் பிடித்திருந்தார். மழை தொடங்கிவிட்டால் அந்தச் சேற்றுப் பாதையில் லாரி ஏறாது, ஜீப்தான் ஏறும். மழை வர அதிக நாள் இல்லை. எந்தச் சாமானை வீட்டுக்கு வாங்கினாலும், இதையும் தூக்கிக்கொண்டு எங்கே போகப்போகிறோமோ என்று எனக்குத் தோன்றும்.

மறுநாள் வண்டியைக் கேம்ப் சுவரோரம் ஜாக்கி வைத்துத் தூக்கி, கனமான மரக்கட்டைகள் மேல் நிறுத்தினார். தார் டின் வாங்க அவர் போன நேரத்தில் நான் கோணியை விரித்து அடியில் நுழைந்தேன். போன வருஷம் அவர் அடித்த தார் கறுப்பாகப் பளபளத்தது. ஒரு ஓரத்தில் உப்பியிருந்தது. நகத்தால் இழுத்தேன். வாழையிலைக் கீற்று அளவுக்கு உரிந்து வந்தது. உள்ளே இரும்பு ஈரமாக, ஏடு ஏடாக இருந்தது. விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தேன். கரித்தது.

அவர் திரும்பி வந்ததும் காட்டினேன். "உள்ள உப்பு அப்படியே கெடக்கு. அதுக்கு மேல மூடி போட்டு வச்சிருக்கீங்க. சுரண்டிக் கழுவாம இனி ஒரு சொட்டுத் தாரு அடிக்கக் கூடாது."

"மழ தலைக்கு மேல நிக்கி. கழுவுதாளாம் கழுவ" என்றார். ஆனால் கம்பி பிரஷை எடுத்தார்.

அன்று முழுவதும் சுரண்டினோம். துரு கண்ணில் விழுந்தது, மூக்கில் ஏறியது. வண்டியின் நீளச் சட்டத்தில் தண்ணீர் வடிவதற்காக வைத்திருந்த ஓட்டைகளைக்கூடத் தார் அடைத்திருந்தது. ஒன்றில் ஆணியை விட்டுக் குத்தினேன். பழுப்புத் தண்ணீர் என் கழுத்தில் கொட்டியது.

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கேம்பில் குழாய் வருவதே கொஞ்ச நேரம். நான் ஐந்தாவது குடத்தை வண்டிப் பக்கம் தூக்கியதும் அடுத்த வீட்டு அக்கா வழியை மறித்தாள்.

"குடிக்கதுக்குத் தண்ணி இல்ல, இவ வண்டியக் குளிப்பாட்டுதா! வையி கீழ!"

குழாயடி வரிசை முழுவதும் சேர்ந்துகொண்டது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. குடத்தை அவள் வீட்டு வாசலிலேயே இறக்கிவைத்தேன். வந்து பார்த்தால் இவர் டின்னைத் திறந்து தாரைக் கலக்கிக்கொண்டிருக்கிறார்.

"மழ வரட்டும்" என்றேன். "மழத் தண்ணிலயே கழுவுவோம்."

"மழ வந்தா நான் மலையில நிக்கணும்ட்டி! இல்லன்னா முகாம் சூப்பர்வைசரு இந்த வேலைய வேற எவனுக்காவது குடுத்துருவான்!"

குச்சியை டின்னுக்குள் எறிந்துவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். அன்று இரவு வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. மில்லை விட்டதுபோல, கடையை விட்டதுபோல என்னையும் விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். உட்கார முடியவில்லை. வாசலுக்கும் வண்டிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் வானம் இருண்டு மழை இறங்கியது.

அழுதுகொண்டு நிற்பதற்கு அது நேரமில்லை. கூரையோரம் ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டினேன். வடிந்த தண்ணீரை வாளியில் பிடித்து, சட்டத்துக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் வீசி அடித்தேன். முந்தின நாள் சண்டை போட்ட அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து இன்னொரு வாளியைப் பிடித்தாள். "அவன் எங்க?" என்று கேட்டாள். நான் என் வாளியைச் சட்டத்துக்குள் வீசி அடித்தேன்.

சாயங்காலம் அவர் தோளில் ஒரு பெரிய தார்ப்பாயோடு, தொப்பலாக நனைந்து வந்தார்.

"எங்க போனீங்க?"

"முகாமுக்கு. லாரில தொத்திப் போயி சூப்பர்வைசரப் பாத்தேன். ஒரு வாரம் பொறுத்துக்கிடுதேன்னான். இதையும் அவன்ட்டதான் கேட்டு வாங்கினேன்."

"சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"கோவத்துல என்னத்தச் சொல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை அவர் காலடியில் போட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டு கூரையடிக்குப் போனார்.

சட்டத்தில் வடிந்த தண்ணீர் கரிக்காமல் ஆகும்வரை கழுவினோம். சர்தார் வெல்டர் ஒருவர் வந்து பெட்ரோல் டாங்கியைக் கழற்றித் தூரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். தார்ப்பாயைச் சுவரிலிருந்து இழுத்துக் கட்டி, அடியில் கரி அடுப்பை வைத்து விசிறி விசிறி இரும்பைக் காயவைத்தோம். சூடு ஆறியதும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட், அது காய்ந்ததும் தார். தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபடாமலிருக்க அவற்றில் குச்சி செருகி, தார் இறுகியதும் பிடுங்கிவிட்டேன். அந்த வாரம் முழுவதும் இருவரும் முதுகைத் தரையில் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். மில்லில் மேஸ்திரி எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்ததால்தான் வேலையை விட்டதாக அங்கே படுத்துக்கொண்டுதான் சொன்னார். பிரஷ் நிற்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த ஜீப் அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் ஓடியது. ஒவ்வொரு மழைக்கு முன்னும் கழுவிச் சுரண்டினோம். அப்புறம் டெம்போ வாங்கப்போகிறேன் என்று அதை விற்றார். டெம்போவும் அதிக நாள் இருக்கவில்லை.

ஜீப்பைச் சரிசெய்த அந்த மழையில், மலைக்குப் போன முதல் நடைக்கு நானும் போனேன். சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறி, இருட்டுவதற்கு முன் முகாமுக்குப் போய்விட்டோம். மூட்டைகளை இறக்கினார்கள். தகரக் கொட்டகையில் எங்களுக்குச் சுடச்சுட டீ கொடுத்தார்கள். நான் ஒரு வாய்தான் குடித்திருப்பேன்.

"கெளம்புவமா?" என்று எழுந்தார்.

"குடிச்சிட்டு வாறேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.